லவோவில் ஒரு சனிக்கிழமை: அணைய வேண்டிய மெழுகுதிரி

சைக்கிள் ஓட்டம், திராட்சைத் தோட்டம், வைன் நிலவறை, கடைசியில் ஸ்பானியச் சமையல் வகுப்பு. எல்லாம் ஒரே நாளில், அதுவும் சுவிஸில் லோசானுக்குப் பக்கத்திலேயே என்று விளம்பரத்தில் பார்த்தபோது நான் நம்பவில்லை. ஸ்பானியச் சமையலுக்கு ஸ்பெயினுக்கல்லவா போகவேண்டும்? பிறகுதான் விளங்கியது. லவோ மலைச்சரிவில் வைன் செய்யும் ஒரு குடும்பத்தில் மனைவி ஸ்பெயின்காரி. கணவர் வைனைச் சுவைக்கக் கொடுப்பார், மனைவி சமையல் சொல்லிக்கொடுப்பார். போன ஒக்டோபரின் முதற் சனிக்கிழமை நானும் இவரும் போனோம். "இவர்" என்றால் என் கணவர். இந்த வலைப்பூவில் பெயர் போட்டால் கோபிப்பார் என்பதால் எப்போதும் போல "இவர்" என்றே எழுதுகிறேன். வழக்கமாகப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு விலை எவ்வளவு என்று கேட்கும் அன்பர்கள், இந்த முறை தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள். நிலவறைப் படிகள் பற்றிய பகுதியைத் தாண்டிப் போகவேண்டாம்.

போனதற்குக் காரணம் இவருடைய இதயம். பெப்ரவரியில் வேலையிடத்தில் மாவு மூட்டையைத் தூக்கியவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டார். பேக்கரியில் பத்தொன்பது வருடம் இரவு வேலை செய்த உடம்பு. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். நடவுங்கள், சைக்கிள் ஓட்டுங்கள், பயந்துகொண்டு வீட்டில் இருக்கவேண்டாம் என்றார் டாக்டர். பயந்தது இவர் அல்ல, நான். மருத்துவமனையில் இவர் இருந்த நாட்கள் முழுவதும் லோசானை அடுத்த ரெனானில் எங்கள் வீட்டில் மடு மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி அணையாமல் எரிந்தது. ஒன்று முடியுமுன் அதிலேயே மற்றதைப் பற்றவைப்பேன். மன்னார்க்காரி நான், எங்கள் ஊரில் ஒரு நேர்த்திக்கு ஏற்றிய திரி இடையில் அணைந்தால் அந்தக் காரியம் சரிவராது என்பார்கள். படித்தவர்கள் சிரிக்கலாம். கணவர் தீவிரசிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது சிரிப்பு வராது.

அன்றிலிருந்து ஒரு மெழுகுதிரி அணைவதைக் கண்டால் எனக்கு ஆகாது. பிறந்தநாள் கேக்கில் ஊதி அணைப்பதைக்கூடப் பார்க்கமாட்டேன். இவர் வீட்டுக்கு வந்து எட்டு மாதமாகியும், இவரை இழந்துவிடுவேனோ என்ற அந்தப் பயம் மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை.

இனிப் பயணம். ரெனானில் காலை 8.20க்கு எஸ் என்னும் உள்ளூர் ரயில் எடுத்தால் கால் மணி நேரத்தில் லுத்ரி. அரைக்கட்டண அட்டை உள்ளவர்களுக்குச் சில்லறைக் காசுதான். நிகழ்ச்சிக்கு ஆளுக்கு 145 பிராங்க். மின்சைக்கிள், வைன் சுவைப்பு, சமையல் வகுப்பு, சமைத்ததைச் சாப்பிடுவது எல்லாம் அதற்குள் அடக்கம். லுத்ரி ரயில்நிலையத்துக்குப் பக்கத்திலே ஒரு கடையில் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு, கைபேசியில் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்து நாமே ஓட்டிப்போகவேண்டும். வழிகாட்டி யாரும் வரமாட்டார். ரிவா கிராமத்துக்கு மேலே உள்ள அந்த வீட்டுக்கு ஒன்பது கிலோமீற்றர். 10.30க்கு அங்கே நிற்கவேண்டும்.

சைக்கிள் கடையில் எங்களோடு இன்னொரு சோடி நின்றது. ஷாஃப்ஹவுசனிலிருந்து வந்த டொச்சு, அதாவது ஜெர்மன், மொழிக்காரர்கள், ஓய்வுபெற்றவர்கள், இறுக்கமான சைக்கிள் உடுப்போடு. அன்றைக்கு மொத்த வகுப்பே நாங்கள் நால்வர்தான். அவர்கள் கை காட்டிவிட்டுப் புறப்பட்டார்கள். அடுத்த வளைவில் அவர்களைக் காணவில்லை. வேகம் காரணமல்ல, மூடுபனி.

லவோ படங்களில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கீழே நீல ஏரி, எதிரே பனிமலை, நடுவில் படிப்படியாகத் திராட்சை. நாங்கள் பார்த்தது அதில் ஒன்றும் இல்லை. ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்து சரிவு முழுவதையும் மூடியிருந்தது. முன்னால் பத்து மீற்றர் கொங்கிரீட் பாதை, ஒரு பக்கம் கல்மதில், மறுபக்கம் மதிலின் விளிம்பு. அந்த விளிம்புக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. சில துண்டுகளில் அறுவடை முடிந்து மஞ்சள் இலை மட்டும் நின்றது. ஒரு சனமும் இல்லை. சனிக்கிழமை காலை, ஒரு நாய் கூடக் குரைக்கவில்லை.

எப்பெஸ் கிராமம் தாண்டியதும் பறவைகள் அலறத் தொடங்கின. ஒன்றிரண்டல்ல, ஒரு கூட்டம் கழுத்தைத் திருகினாற்போலக் கத்தியது. நாங்கள் நின்று மேலே பார்த்தோம், ஒரு இறகைக்கூடக் காணவில்லை. கத்தல் திடீரென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் அதே கத்தல், அதே ஒழுங்கில், இந்த முறை எங்களுக்குப் பின்னால். அறுவடை முடியாத துண்டுகளில் பழம் தின்ன வரும் குருவிகளை விரட்ட, வேதனைப்படும் பறவையின் குரலைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் விடுகிறார்கள் என்று பிறகு அறிந்தோம். அப்போது தெரியாதே. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று இவர் என்னைப் பகிடி பண்ணினார். ஆனால் அதன்பிறகு அவரும் எனக்குப் பக்கத்திலேயே ஓட்டினார்.

மின்சைக்கிள் என்றாலும் ஏற்றத்தில் மிதிக்கத்தான் வேண்டும். இவருக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு வளைவிலும் இறங்கி மதிலில் சாய்ந்து நின்றோம். நான் இவருடைய உதட்டின் நிறத்தைப் பார்ப்பேன், இவர் நான் பார்ப்பதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்படி நின்று நின்று, அந்த வீட்டின் கீழ்ப்பாதைக்கு வந்து சேர 10.55 ஆகிவிட்டது. அங்கே மதிலோடு ஒரு தாழ்ந்த மரக்கதவு. டொச்சுச் சோடியின் சைக்கிள்கள் அதன்மேல் சாத்தியிருந்தன. நாங்களும் எங்களுடையதை அதன்மேல் சாத்திவிட்டு, வெளிப்படி ஏறி மேலே வீட்டுக்குப் போனோம்.

இருபத்தைந்து நிமிடத் தாமதம்தான். ஆனால் அந்த இருபத்தைந்து நிமிடத்தில், வைன்காரர் லூக் மற்ற இருவருக்கும் இடத்தைச் சுற்றிக்காட்டிச் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். நாங்கள் உள்ளே போகும்போது முதற் கிளாஸ் ஊற்றிக்கொண்டிருந்தார். உயரமான, அதிகம் கதைக்காத மனிதர். எங்களுக்காகத் திரும்ப ஒருமுறை தொடங்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிந்தி வந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை என்பது நம் சனத்தின் எழுதாத சட்டம்.

வீடு சரிவில் கட்டியது. மேல்தட்டில் சமையலறையும் பழம் பிழியும் மண்டபமும் பக்கத்தில் பக்கத்தில். மண்டபத்தின் மூலையிலிருந்து கற்படிகள் கீழ் நிலவறைக்கு இறங்குகின்றன. நாங்கள் சைக்கிள் சாத்திய தாழ்ந்த கதவு அந்த நிலவறையின் வெளிக்கதவு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

லூக் ஷஸ்லா என்ற வெள்ளைத் திராட்சையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இவருக்கு மாத்திரை இருப்பதால் வைன் கிடையாது, முகர்ந்து பார்த்துவிட்டு எனக்குத் தருவார். நானும் இரண்டு வாய்தான். மூன்றாவது கிளாஸில் கழிப்பறை தேடி எழுந்தேன். வழி தவறி மண்டபத்தின் மூலைக்குப் போய்விட்டேன்.

அங்கே படிகளின் உச்சியில், சுவரில் ஒரு மாடம். மாடத்தில் ஒரு முழ உயரத்தில் மாதா சுரூபம், நீலம் மங்கிய மரச்சுரூபம். புரட்டஸ்தாந்து ஊரில் மாதாவைக் கண்டதும் எனக்கு உறவுக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. ஆனால் மாடத்தில் விளக்கு இல்லை. பார்த்தால் கீழே, படிகளின் நடுவில், ஒரு தகரத் தட்டில் எரியும் ஒரு மெழுகுதிரி. மாதாவுக்கு ஏற்றியதை யாரோ காலடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். மனசுக்குச் சரியாகப் படவில்லை. குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்தது.

காற்று இல்லை. என் கழுத்துச் சால்வை கூட அசையவில்லை. சுடர் முதலில் நீண்டது, பிறகு திரியைவிட்டு மேலே எழும்பி, ஒரு கணம் தனியாக நின்று, இல்லாமற் போனது. புகை மேலே வரவில்லை. படியின்மேல் பாய் விரித்தாற்போலப் படுத்துக் கிடந்தது. கீழே இருட்டிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது, யாரோ நிறுத்தாமல் தண்ணீர் விழுங்குவது போல. பிறகு தெரிந்துகொண்டேன், அது தொட்டிகளில் பழச்சாறு நொதிக்கும் சத்தம். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், இவரோடு முதல் முதல் வெளியே வந்த நாளில் மாதாவின் திரி என் கண்முன்னே அணைந்தது என்பதுதான். 

தட்டுக்குப் பக்கத்தில் நெருப்புப்பெட்டி இருந்தது. நாலைந்து படி இறங்கிக் குச்சியைத் தட்டித் திரிக்குக் கொண்டுபோனேன். குச்சியே அணைந்தது. இரண்டாவது குச்சியில் திரி பற்றியது. கையை எடுக்கமுன் மறுபடியும் சுடர் எழும்பிப் போய்விட்டது. எனக்கு மூச்சு முட்டுவது போலிருந்தது, பயத்தில் என்று நினைத்தேன். தட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, மாடத்தில் மாதாவின் காலடியில் வைத்து, "அம்மா, இவரை என்னட்டை விட்டிடு" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது குச்சியைத் தட்டினேன். ஊசி போல நிமிர்ந்து எரிந்தது. ஒரு துடிப்பு இல்லை. நின்று ஒரு அருள்நிறை மரியே சொன்னேன். மாதா ஏற்றுக்கொண்டா என்ற சந்தோஷத்தில் கழிப்பறையைக்கூட மறந்து திரும்பி வந்துவிட்டேன்.

பதினொன்றரைக்குச் சமையல் தொடங்கியது. லூக்கின் மனைவி மரீசா ஐம்பது வயதுக்காரி, ஸ்பெயினின் வடமேற்கில் கடலோர ஊர். இளவயதில் திராட்சை பறிக்க வந்து இங்கேயே மணமுடித்தவர். மூன்று சமையல்: மீன் அடைத்த பெரிய ரொட்டி, உருளைக்கிழங்கு முட்டைப் பொரியல், வெள்ளை வைனில் அவித்த மட்டி. மட்டி என்றதும் எனக்குச் சொல்லவேண்டுமா? ஓடு திறந்து கிடப்பதை எறியவேண்டும் என்று மரீசா சொல்ல முன்னமே நான் பொறுக்கிக்கொண்டிருந்தேன். காரத்துக்குப் புகைகாட்டிய மிளகாய்த்தூள் ஒன்று போட்டார்கள். நிறம் இருக்கிறது, உறைப்பு இல்லை, நம் வீட்டில் குழந்தைக்குக்கூடக் காணாது. டொச்சுச் சோடிக்கு வெங்காயம், எனக்கு உருளைக்கிழங்கு, பேக்கரிக்காரர் என்று தெரிந்ததால் இவருக்கு மாவு. இவர் மாவைப் பிசைந்து வீசிய வேகத்தைப் பார்த்து மரீசா கைதட்டினார். எட்டு மாதத்துக்குப் பிறகு இவர் மாவைத் தொட்டது அன்றைக்குத்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

மட்டிக்கு வைன் போதவில்லை. மரீசாவின் இரண்டு கையிலும் மாவு. கீழே படி முடியும் இடத்து அலமாரித் தட்டில் ஜாடி இருக்கும், எடுத்துவர முடியுமா என்று பொதுவாகக் கேட்டார். பிறர் வீட்டில் சும்மா இருக்கத் தெரியாத மனிதர் இவர், உடனே எழுந்துவிட்டார். இவர் மண்டபத்துக்குப் போனபோது மரீசா பின்னாலிருந்து பிரெஞ்சில் கேட்டார்:

"மெழுகுதிரி எரிகிறதா?"

இவர் மூலையில் நின்று மாடத்தைப் பார்த்தார். ஆம், நன்றாக எரிகிறது என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

எனக்கு உள்ளுக்குள்ளே பெருமை. இந்தக் காலத்திலும் மாதாவின் திரி எரிகிறதா என்று கேட்கும் மனுசி! கிழங்கைச் சீவிக்கொண்டே, எங்கள் ஊரிலும் இப்படித்தான், மாதாவுக்குத் திரி அணைய விடமாட்டோம் என்று அவரிடம் சொன்னேன். மரீசா சிரித்தார்.

"அது மாதாவுக்கு இல்லை. அது எங்களுக்கு."

சாதாரணமாகத்தான் விளக்கினார். சாறு வைனாகும்போது ஒரு வாயு வரும். மணமில்லை, நிறமில்லை, காற்றைவிடப் பாரம். கீழ் நிலவறையில் குளத்துத் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். அதற்கு விசிறி உண்டு. ஆனால் சுவைப்பு நேரத்தில் அதன் இரைச்சல் பெரிது என்று லூக் நிறுத்திவிடுவார். அதனால்தான் பழைய காலத்து வழக்கப்படி நடுப்படியில் மெழுகுதிரி. வாயு படியேறினால் அது அணையும். அணைந்தால் யாரும் இறங்குவதில்லை. காலையிலேயே லூக் எல்லோருக்கும் சொன்னாரே என்றார்.

கத்தி என் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. மெழுகுதிரி படியில் இல்லை, நான் தூக்கி மாதாவிடம் வைத்துவிட்டேன் என்று சொன்னேன்.  மரீசா லூக்கின் பெயரைச் சொல்லிக் கத்தினார். லூக் மண்டபத்துக்குள் வந்தார், தூரத்திலிருந்தே மாடத்தைப் பார்த்தார், தோளைக் குலுக்கினார்.

"எரிகிறதே. பயமில்லை."

வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை, அவ்வளவு பயந்ததும் இல்லை. வேலையிடத்தில் பத்து வருடம் கதைத்த பிரெஞ்சு துண்டு துண்டாகத்தான் வந்தது. எப்படியோ சொன்னேன்.

"நான்தான் மாற்றி வைத்தேன். படியில் அணைந்தது. இரண்டு தரம்."

 லூக் ஓடிப்போய்ச் சுவரில் ஒரு விசையைப் போட்டார். எங்கேயோ விசிறி உறுமியது. டொச்சுக்காரரிடம் கீழ்ப்பாதைக் கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினார். அந்த மனிதர் சைக்கிள் சப்பாத்தோடு வெளிப்படியில் ஓடினார், மனைவி பின்னால். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, அந்தக் கதவின்மேல் நாலு மின்சைக்கிள்கள் சாத்தியிருக்கின்றன.

நான் படிக்குப் பாய்ந்தேன். மரீசா மாவுக் கையோடு என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். லூக் குறுக்கே நின்றார். ஒருவர் விழுந்தால் ஒருவர், பின்னால் போனால் இருவர், தன் குடும்பத்திலேயே அப்படி நடந்தது என்றார். கூப்பிடு, விடாமல் கூப்பிடு என்றார். கூப்பிட்டேன்.

"இஞ்சேருங்கோ! மேல வாங்கோ!"

"வாறன்."

உடனே பதில் வந்தது. எப்போதும் போன்ற குரல், சந்தையில் பை தூக்கிக்கொண்டு வரும்போது சொல்வது போல. எனக்கு உயிர் வந்தது. ஆனால் படியில் காலடிச் சத்தம் இல்லை.

"இப்ப வாங்கோ! ஜாடியை விட்டிட்டு வாங்கோ!"

"வாறனப்பா. ஏறிக்கொண்டுதானே இருக்கிறன்."

ஒரு காலடியும் இல்லை. அந்தத் தண்ணீர் விழுங்கும் சத்தம் மட்டும். லூக் மாடத்திலிருந்து மெழுகுதிரியை எடுத்து, கூரைத்தூசி தட்டும் நீண்ட கம்பின் நுனியில் ஒரு தகரக் குவளையைக் கட்டி அதில் வைத்துக் கீழே இறக்கினார். நான் கொளுத்திய, நான் வேண்டிக்கொண்ட அந்தத் திரி. நடுப்படிக்குப் போகுமுன் அணைந்தது. இழுத்து, பற்றவைத்து, மறுபடி இறக்கினார். அணைந்தது. ஒவ்வொரு முறை அது அணையும்போதும் இவர் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. விளக்கில் எண்ணெய் முடிவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல நின்றேன். வேறொன்றும் செய்ய வழியில்லை.

"இஞ்சேருங்கோ!"

"வாறன்."

மெல்லியதாக, நித்திரையில் திரும்பிப் படுப்பவர் சொல்வது போல. அதற்குப் பிறகு கூப்பிட்டேன், பதில் இல்லை. இன்னும் கூப்பிட்டேன். என் குரல்தான் கீழே போய்த் திரும்பி வந்தது.

பிறகு கீழே சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் சத்தம், கதவு பெயரும் சத்தம். இருட்டின் அடியில் ஒரு சாம்பல் நிற வெளிச்சம் விரிந்தது. டொச்சுக்காரி பிறகு சொன்னா, கதவைத் திறந்ததும் பாதையில் தரையோடு கிடந்த மூடுபனி விலகி ஓடியதாம், கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் கதவுக்குள்ளிருந்து வழிந்தது போல. லூக் மெழுகுதிரியை இறக்கினார். நடுப்படியில் நின்று எரிந்தது. அடுத்த படியில் எரிந்தது. அதற்கும் கீழே போனது, சுடர் குறுகியது, ஆனால் நின்றது. அந்த வெளிச்சத்தில் இவரைக் கண்டேன். அடிப்படிக்கு இரண்டு படி மேலே, ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, பின்படியில் தலையைச் சாய்த்து, முகம் எங்களைப் பார்த்தபடி இருந்தார். கண் திறந்திருந்தது.

லூக் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கக்கத்துக்குள் கை கொடுத்து ஒரே இழுவையில் மேலே கொண்டுவந்தார். முற்றத்தில் கிடத்தினோம். உதடு நாவற்பழ நிறம். நான் நெஞ்சில் கை வைத்தேன், இதயம் அடித்தது, தாறுமாறாக, ஆனால் அடித்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எத்தனையோ பேரின் கடைசி மூச்சைப் பார்த்திருக்கிறேன், அந்த அறிவெல்லாம் எங்கே போனதோ, கன்னத்தில் அறைந்துகொண்டு அழுதேன். இவர் இருமினார், ஒருக்களித்து வாந்தி எடுத்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் கத்துறீர்? வாறன் எண்டு சொன்னனான் தானே."

அவசர எண் 144க்கு அழைத்து அம்புலன்ஸ் வந்தது. ஒட்சிசன் மூடி போட்டுக் கொண்டுபோனார்கள். இதயத்தின் காரணத்தால் ஒரு இரவு வைத்திருந்து, ஞாயிறு மத்தியானம் அனுப்பினார்கள். இன்னும் இரண்டு நிமிடம் என்றால் கதை வேறு என்றார் மருத்துவர். மரீசா அன்று மாலையே மருத்துவமனைக்கு வந்தார், இவர் பிசைந்த மாவில் சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு. மட்டியை எறிந்துவிட்டார்களாம். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுரூபத்தையும் மெழுகுதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது தன் பிழையும்தான் என்று சொல்லி என் கையைப் பிடித்தார். மாதாவைச் சமையலறைக்கு மாற்றிவிட்டாராம். படிக்கு இரும்புக் கதவும் வாயுவை அளக்கும் கருவியும் போடப்போவதாக லூக் சொல்லி அனுப்பினார். விசிறியை இனி விருந்தாளிக்காக நிறுத்துவதில்லை என்றும்.

நடந்ததை இவரிடம் அன்றே சொல்லிவிட்டேன். நான் வைத்த திரியை நம்பித்தான் நீங்கள் இறங்கினீர்கள் என்று.  "நீர் இனி மெழுகுதிரி கொளுத்தினா முன்கூட்டியே சொல்லும், நான் வெளியால போய் நிக்கிறன்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன், சிரித்தபடியே அழுதேன்.

போகவிரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். லவோவுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மே, ஜூன் மாதங்களில் போங்கள், நிலவறைத் தொட்டிகள் அமைதியாக இருக்கும், ஏரியும் தெரியும். ஒக்டோபரில் போவதென்றால் மூடுபனிக்குச் சைக்கிள் விளக்கும் மினுங்கும் மேலங்கியும் கட்டாயம். ஏற்றம் இறக்கம் அதிகம், நெஞ்சுவலிக்காரர் ஒன்பது கிலோமீற்றருக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். சமையல் வகுப்பு அருமை, அந்த ரொட்டியை இப்போது நான் வீட்டில் காய்ந்த செத்தல் மிளகாய் போட்டுச் செய்கிறேன். பிந்திப் போனால் வெட்கப்படாமல் வாயைத் திறந்து, நாங்கள் இல்லாதபோது என்ன சொன்னீர்கள் என்று கேளுங்கள். ஆழமறியாமல் காலை விடாதே என்று சொல்லிவைத்தவர்கள் சும்மா சொல்லவில்லை. நிலவறையில், கிணற்றில், எந்தப் பள்ளத்திலும், காற்றில்லாமல் ஒரு சுடர் அணைந்தால் அதைத் திரும்ப ஏற்றாதீர்கள், தூக்கி வேறிடம் வைக்காதீர்கள். அது தன் வேலையைச் செய்துவிட்டது. செபத்தை வெளியே வந்து சொல்லலாம், மாதா கோபிக்கமாட்டா.

இன்னொன்று. கீழே என்ன நடந்தது என்று பிறகு ஒருநாள் இவரிடம் கேட்டேன். நோவில்லை, பயமில்லை என்றார். கால் பாரமாக இருந்தது, ஒரு நிமிடம் இருந்தேன், நீர் கூப்பிட்டது கேட்டது, எழுந்து ஏறத் தொடங்கினேன் என்றார். எழும்பவே இல்லையே என்றேன். இல்லை, ஏறினேன் என்றார். வாறன் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் தான் ஒரு படி ஏறியது இப்போதும் இவருக்கு நினைவில் இருக்கிறது. மேலே வெளிச்சம்கூடத் தெரிந்ததாம்.

சாப்பாடு போட்டுவிட்டு நான் கூப்பிட்டால், அடுத்த அறையிலிருந்து இவர் வழக்கம்போல "வாறன்" என்பார். முன்பெல்லாம் நான் மேசையில் இருந்து காத்திருப்பேன், பிந்தினால் ஏசுவேன். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.